குரலுக்குப் பிறந்த வாத்துகள்

பாபநாசம் வட்டாரத்தில் புத்தகம் படித்துக் கெட்டுப்போனவன் என்று சொன்னால் அது மூஸா ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் படிக்காமலேயே கெட்டுப்போனவர்கள்.

மூஸாவுக்குச் சொந்த ஊர் குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கும் மேலத்துருத்தி. கல்யாணமான ஐந்தாம் மாதம் சார்ஜாவுக்குப் போனான். அந்தக் காலத்து மாப்பிள்ளைகளுக்கு அதுதான் வழக்கம். பந்தலைப் பிரித்த கையோடு பெட்டியைக் கட்டிவிடுவார்கள். நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டோம், இனி வெளிநாட்டுச் சாமான் எல்லாம் கும்பகோணத்துக் கடைத்தெருவிலேயே கிடைக்கும் என்று பேப்பர்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். திறந்த கதவு வழியாகச் சாமான் உள்ளே வந்ததோ இல்லையோ, மேலத்துருத்தி ஆம்பிளைகள் எல்லாரும் வெளியே போய்விட்டார்கள்.

சார்ஜாவில் ஒரு வியாபாரக் கம்பெனி ஆபீசில் டீ போட்டுக் கொடுக்கும் வேலை. அங்கே வெள்ளைக்கார மேனேஜர்கள் அடிக்கடி மாறுவார்கள். போகிறவர் நாற்காலியையும் விட்டுப் போவார், அலமாரியில் நாலு புத்தகத்தையும் விட்டுப் போவார். நாற்காலிக்கு உடனே ஆள் வந்துவிடும். புத்தகத்துக்கு ஆள் வராது. மூஸா எடுத்துக்கொண்டான்.

பத்தாவது பாஸ் செய்தவன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி உழுது படித்தான். கதைப் புத்தகத்தைக் கையால் தொடமாட்டான். நடக்காததைப் படித்து என்ன ஆகப்போகிறது என்பது அவன் கட்சி. வியாபாரம், சமுதாயம், விஞ்ஞானம், இந்த மூன்றும்தான் படிப்பான். படித்ததை அப்படியே செய்து பார்ப்பான். வாடிக்கையாளருக்கு முதலில் கொஞ்சம் இனாமாகக் கொடு என்று வியாபாரப் புத்தகத்தில் இருந்தது. டீயோடு ஒரு பிஸ்கட் வைத்தான். மேனேஜர் அந்தப் பிஸ்கட்டுக்காகவே டீ மேல் டீயாகக் குடித்து, தூக்கம் கெட்டு, கண் சிவந்து, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது அவரும் ஒரு புத்தகத்தை விட்டுப் போனார். மூஸாவுக்குப் புத்தகங்கள் மேல் நம்பிக்கை வந்தது இப்படித்தான்.

இதற்கிடையில் ஊரில் மகள் பிறந்தாள். அஃப்ரீன் என்று பெயர் வைத்தார்கள். மூஸா அவளைப் பார்க்கவில்லை, அவளும் இவனைப் பார்க்கவில்லை. வளைகுடாக் குடும்பங்களில் அப்போது காகிதத்தைவிடக் கேசட்தான் அதிகம் போய்வரும். ராத்திரிச் சமையல் நடக்கும்போது அறையில் உட்கார்ந்து டேப்ரிக்கார்டரில் பேச வேண்டியது. ஊருக்குப் போகிறவன் யாராவது கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது. மூஸாவும் பேசி அனுப்பினான். கூடவே கேட்பதற்கு ஒரு டேப்ரிக்கார்டரையும் அனுப்பினான். தூக்கிப் பிடிக்கக் கைப்பிடி வைத்தது, முன்னால் வட்டமாகச் சல்லடை ஸ்பீக்கர்.

முதல் விடுப்பு கிடைக்க நாலு வருஷம் ஆகிவிட்டது. தை மாதத்தில் ஒரு நாள் அம்பாசடர் காரின் தலையில் அட்டைப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினான். தெரு முழுக்க நின்று பார்த்தது. வாசலில் மனைவி ஹமீதா பானு நின்றாள். அவள் கைலியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் பாதி முகம் மட்டும் தெரிய, அஃப்ரீன் நின்றாள். நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பாசத்தை எல்லாம் தொண்டைக்குக் கொண்டுவந்து மூஸா சொன்னான்:

"அஃப்ரீன் குட்டி, அத்தா வந்திருக்கேன்."

குழந்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடினாள். ஓடிப்போய் டேப்ரிக்கார்டரைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஊரே கேட்கிற மாதிரி வீறிட்டாள்.

"அம்மா, இந்த ஆளு அத்தா சத்தத்த முழுங்கிட்டான்."

மூஸா கையில் இருந்த அத்தர் பாட்டில் கீழே விழுந்து உடைந்தது. அந்த வாசலில் இன்னும் மழை பெய்தால் அத்தர் வாசனை வருகிறது என்கிறார்கள். மூக்கு உள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம்.

நடந்தது என்னவென்று ஹமீதா ராத்திரி சொன்னாள். குழந்தைக்கு விவரம் தெரிந்த நாளாக அந்தப் பெட்டிதான் 'அத்தா பேசறேன்' என்று சொல்லியிருக்கிறது. அதனால் அவளுக்கு அதுதான் அத்தா. அதற்குக் காலையில் சலாம் சொல்வாள். மழைக்காலத்தில் குளிருமே என்று துண்டு போர்த்துவாள். சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினால் அது வேற மாமா என்று சொல்லிவிடுவாள். போட்டோவில் இருந்தவருக்கு முடி இருந்தது. வந்து இறங்கியவருக்கு அதுவும் இல்லை, ஆக மூஸாவுக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

"நாந்தான் அதக் காட்டி அத்தான்னு சொல்லிக் குடுத்தேன்," என்றாள் ஹமீதா. "அப்ப வேற எதங்க காட்டறது?"

மூஸா நாள் கணக்குப் போட்டான். விடுப்பு மூன்று மாதம். அதற்குள் மகள் வாயால் அத்தா என்று ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். கேட்காமல் திரும்பிப் போனால் அடுத்த விடுப்பு எத்தனை வருஷம் கழித்தோ. அதற்குள் பெண் வளர்ந்துவிடுவாள், பெட்டியும் வீட்டுக்குப் பெரிய மனிதராகிவிடும். வேறு யாரிடம் யோசனை கேட்பது? புத்தகங்களைப் பிரித்தான்.

முதலில் சிவப்பு அட்டை போட்ட வியாபாரப் புத்தகம். இனாமாகக் கொடு. மேனேஜரையே மடக்கிய வழி. வெளிநாட்டுச் சாக்லேட்டைப் பிரித்து, கொஞ்சமாக ஒடித்து, குழந்தை போகிற வழியில் வைத்தான். அவள் எடுத்துக்கொண்டாள். இவனுக்கு நெஞ்சு குளிர்ந்தது. எட்டிப் பார்த்தால், அவள் டேப்ரிக்கார்டரின் கேசட் கதவைத் திறந்து, சாக்லேட்டை உள்ளே வைத்து, அத்தா சாப்பிடட்டும் என்று பக்குவமாக மூடிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு துணுக்குகூடத் தின்னவில்லை. மூஸா சாயங்காலம்வரை தீக்குச்சியில் பஞ்சைச் சுற்றி, தன் எதிராளியின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது நீல அட்டை, சமுதாயம் பற்றியது. மனிதன் தானாக எதையும் முடிவு செய்வதில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் செய்வதைத்தான் செய்கிறான் என்று அதில் போட்டிருந்தது. அடுத்த வீட்டு அப்துல் ரஹ்மான், தெருமுனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவர், இவனை மாப்ள என்று கூப்பிடுகிற முறை. அவரிடம் போய், குழந்தை காதில் விழுகிற மாதிரி தன்னை அத்தா என்று கூப்பிடச் சொன்னான். அவர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். அவர் கூப்பிடுவதைக் கேட்டு பூத்தில் நின்ற நாலு பேர் கூப்பிட்டார்கள். நாலு பேரைக் கேட்டு நாற்பது பேர். புத்தகம் சொன்னபடியே நடந்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஒரு வாரத்தில் தெருவே அவனை அத்தா என்றது. தாடி நரைத்த மளிகைக் கடைக்காரர், 'அத்தா, பருப்பு எவ்ளோ வேணும்?' என்றார். பாபநாசம் டவுன் பஸ் கண்டக்டர், 'மேலத்துருத்தி அத்தா எறங்குங்க,' என்று விசில் அடித்தார். மாமியார் நஃபீசாகூட ஒருநாள் சோறு போடும்போது வாய் தவறி அத்தா என்று சொல்லிவிட்டு, வெட்கத்தில் கும்பகோணத்தில் மூத்த மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை.

ஊரில் ஒருத்தி மட்டும் கூப்பிடவில்லை. அவள் அவனைச் சார்ஜா ஆளு என்றாள்.

மூன்றாவது, பச்சை அட்டை. மிருகங்கள், பறவைகள் நடத்தை பற்றிய விஞ்ஞானப் புத்தகம். இதில் என்ன இருக்கப்போகிறது என்று ஏனோதானோவென்று புரட்டிக்கொண்டிருந்தவன் ஒரு பக்கத்தில் நின்றான். திரும்பப் படித்தான். அகராதியைப் பார்த்து மறுபடியும் படித்தான்.

வாத்துக்குஞ்சு முட்டையை விட்டு வந்ததும் முதலில் எதைப் பார்க்கிறதோ, எதன் சத்தத்தைக் கேட்கிறதோ, அதுதான் தாய் என்று அதன் மூளையில் பதிந்துவிடுமாம். அது மனிதனாக இருந்தாலும் சரி, மரக்கட்டையாக இருந்தாலும் சரி. பதிந்தது பதிந்ததுதான். பிறகு பெற்ற தாயே வந்து நின்றாலும் குஞ்சு திரும்பிப் பார்க்காது. அழிக்கவே முடியாது என்ற சொல்லுக்கு மட்டும் மூஸா மூன்று அகராதி பார்த்தான். மூன்றிலும் அழிக்க முடியாது என்றுதான் இருந்தது.

நாலு வருஷமாக வரி விடாமல் புத்தகங்களை நம்பியவன், அன்றைக்கு முதல்முறையாக ஒரு புத்தகம் பொய்யாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டான். வேண்டினால் போதுமா? சோதித்துப் பார்க்க வேண்டும். பச்சைப் புத்தகமே அப்படித்தான் சொல்கிறது. எதையும் சோதிக்காமல் நம்பாதே. ஆகவே வாத்துக்குஞ்சு பொரிக்க வைப்பது; வேறு ஏதோ ஒன்றைத் தாயென்று அவற்றுக்குக் காட்டுவது; பிறகு தன் பக்கம் திருப்புவது. வாத்தைத் திருப்பிவிட்டால் மகளையும் திருப்பிவிடலாம்.

அறுப்பு முடிந்த வயல்களில் அப்போது வாத்து மேய்ந்துகொண்டிருந்தது. மருதையன் என்பவர் மந்தையோடு வந்து வாய்க்கால் ஓரம் கிடை போட்டிருந்தார். மூஸா போய் முட்டை கேட்டான்.

"ஆம்லேட்டுக்கா பாய்?"

"இல்ல மருதையா. அடைக்கு வைக்கப் போறேன். கோழி இல்லாம."

மருதையன் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப நீங்களே உக்காரப் போறீங்களா?"

இந்தச் செய்தி மூஸா வீடு திரும்புவதற்கு முன்னால் தெருவுக்கு வந்துவிட்டது. வாசலில் அப்துல் ரஹ்மான் நின்றுகொண்டு, உட்காருவதற்கு மெத்தென்று ஒரு தலையணை கொடுக்கட்டுமா என்று கேட்டார்.

சார்ஜாவிலிருந்து சாமான் வந்த அட்டைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, முட்டைகளை அடுக்கி, உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டான். ஈரத்துணி போட்டான். வேளா வேளைக்கு முட்டைகளைப் புரட்டிவிட்டான். கரண்ட் போகும்போது, புலிப் படம் போட்ட வெளிநாட்டுக் கம்பளியை எடுத்துப் பெட்டிமேல் போர்த்துவான். அந்த மார்கழி மிச்சக் குளிரில் முட்டைகள் கம்பளிக்குள் தூங்கின. மூஸாவும் ஹமீதாவும் ஒரு பழைய போர்வையை இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். நாலு வருஷம் கழித்து வந்த புருஷன் முட்டையைத்தான் விசாரிக்கிறான் என்று ஹமீதா பக்கத்து வீட்டில் சொல்லி வருத்தப்பட்டாள்.

எல்லாம் புத்தகப்படிதான். ஒன்றே ஒன்று புத்தகத்தில் இல்லை. அந்தக் கூடத்தில் பிளக் போடுகிற இடம் ஒன்றுதான் இருந்தது. பல்புக்கும் அதுதான், டேப்ரிக்கார்டருக்கும் அதுதான், இரண்டையும் சேர்த்துச் செருகியிருந்தார்கள். ஆகவே அட்டைப் பெட்டியின் தலைமேலேயே அஃப்ரீன் தன் அத்தாவை உட்காரவைத்தாள். காலையில் போட்டால் ராத்திரி தூங்கும்வரை ஒரே கேசட். மூஸா அந்தப் பக்கம் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு முறைப்பாள். அவனுக்கும் தன் குரலைத் தானே கேட்க ஒரு கூச்சம். போட்டதும் எழுந்து வெளியே போய்விடுவான். வார்த்தை புரியாவிட்டாலும் அந்தக் கேசட்டின் சத்தம் தெருவுக்கே பழகிவிட்டது. மாவு அரைக்கிறவர்கள் அதற்குத் தாளம் போட்டு அரைத்தார்கள்.

முட்டை உடைகிற நாளில் குஞ்சுகளின் கண்ணில் படுவதற்கென்று மூஸா ஒரு பித்தளைச் செம்பைத் தயார் செய்து வைத்திருந்தான். செம்பைத் தாயென்று நினைத்துக்கொண்டால் பிற்பாடு திருப்புவது சுலபம் என்று கணக்கு. ஆனால் குஞ்சுகள் ஒரு வெள்ளிக்கிழமை, அவன் ஜும்ஆவுக்குப் போயிருந்த சமயம் பார்த்துப் பொரிந்துவிட்டன. தொழுது முடித்துத் தெருவில் திரும்பியவன், எதிரே வந்ததைப் பார்த்து மதில் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

அஃப்ரீன் டேப்ரிக்கார்டரைக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு வந்தாள். 'அத்தா பேசறேன், சாப்டியா?' என்று பெட்டி பேசிக்கொண்டு வந்தது. அதன் பின்னால், இன்னும் ஈரம் காயாத மஞ்சள் குஞ்சுகள், ஒன்றன் பின் ஒன்றாக, பள்ளிவாசலில் வரிசை பிடித்த மாதிரி ஒழுங்காக வந்தன. செம்பு கூடத்தில் தனியாகக் கிடந்தது.

பச்சைப் புத்தகம் பொய் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்த வாத்துகள் செய்ததை எல்லாம் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆகவே கொஞ்சம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டி ஆற்றுக்குப் போனால் ஆற்றுக்குப் போகும். பெட்டி மாடிப்படி ஏறினால் படி ஏறும். தவிட்டை எதிரே கொட்டினாலும், பெட்டி 'சாப்டியா?' என்று கேட்கிறவரை ஒரு வாத்தும் மூக்கை வைக்காது. கேசட்டின் கடைசியில் மூஸாவின் குரல், 'இப்ப அத்தாவுக்கு ஒரு முத்தம் குடு' என்று சொல்லும். அஃப்ரீன் குனிந்து சல்லடை ஸ்பீக்கரில் முத்தம் கொடுப்பாள். அவள் நிமிர்ந்ததும் வாத்துகள் ஒவ்வொன்றாக வந்து அலகை வைத்துவிட்டுப் போகும். கேசட்டைத் திருப்பிப் போடுகிற நேரம்வரை நின்ற இடத்தில் நிற்கும். ஒருதடவை நடுரோட்டில் கேசட் முடிந்துவிட்டதால் தஞ்சாவூர் பஸ் நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தானே இறங்கி வந்து கேசட்டைத் திருப்பிப் போட்டார்.

மூஸா விடவில்லை. வாத்துகளுக்கு நத்தை பொறுக்கிப் போட்டான். பின்னாலேயே தவழ்ந்தான். வாத்து மாதிரி கத்தியும் பார்த்தான். அதற்கு மருதையனின் மந்தை வந்ததே தவிர வீட்டு வாத்து வரவில்லை. விடுப்பு தேய்ந்துகொண்டே வந்தது. அட்டைப் பெட்டியில் மறுபடியும் சாமான் அடுக்க ஆரம்பித்தார்கள், இந்தத் தடவை ஊறுகாயும் மிளகாய்ப்பொடியும்.

புறப்படுகிறதற்கு முதல் நாள் அப்துல் ரஹ்மான்தான் அந்தப் பேச்சை எடுத்தார். விளையாட்டாகத்தான் எடுத்தார். களத்தில் ஒரு பக்கம் பெட்டி பேசட்டும், எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை பேசட்டும். நடுவில் வாத்துகளை விட்டால் அவை போகிற பக்கம் அத்தா என்றார். சொல்லிவிட்டு அஃப்ரீனைப் பார்த்தார். அவள் யோசிக்கவே இல்லை. சரி என்று தலையை ஆட்டினாள். வாத்துகளைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

ஹமீதாவுக்குக் கோபம் வந்தது. "பெத்த புள்ளைய வாத்த வச்சுப் பஞ்சாயத்து பண்ணுவீங்களா? அது பொட்டிகிட்ட போயிருச்சுன்னா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஏரோப்ளேன் ஏறுவீங்க?"

அவள் கேட்டது நியாயம்தான். பெட்டி ஜெயித்தால் குழந்தை மனதில் அது சாட்சியோடு தீர்ப்பாகிவிடும். ஆனால் நாளைக்கு ரயில். இனி சோதிக்க நாள் இல்லை.

அஸர் தொழுகை முடிந்து வெயில் தாழ்ந்த நேரம். களத்தின் ஓரம் முழுக்க ஜனம். மருதையனும் தன் மந்தையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். கிழக்கே பெட்டியை வைத்து, பாட்டரி போட்டு, அஃப்ரீன் பக்கத்தில் நின்றாள். மேற்கே மூஸா. நடுவில் கூடையைக் கவிழ்த்தார்கள். வாத்துகள் அப்போது அரைகுறையாக இறகு முளைத்து, பார்க்கச் சகிக்காமல் இருந்தன.

மூஸா தொண்டையைச் செருமிக்கொண்டான். இத்தனை பேர் எதிரில் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மீலாது விழாவில் பேசுகிறவர்கள் மாதிரி, "அன்புள்ள வாத்துகளே," என்று ஆரம்பித்தான். ஜனம் கெக்கலித்தது. அந்தப் பக்கம் அஃப்ரீன் பொத்தானை அமுக்கினாள்.

'அஸ்ஸலாமு அலைக்கும். அஃப்ரீன் குட்டி, அத்தா பேசறேன். சாப்டியா?'

வாத்துகள் மொத்தமும் வாலை ஆட்டிக்கொண்டு கிழக்கே ஓடின. ஒன்றுகூட மேற்கே திரும்பவில்லை. அஃப்ரீன் சார்ஜா ஆளைப் பார்த்தாள். அவள் பார்வையில் வெற்றிகூட இல்லை. இது தெரிந்ததுதானே என்கிற மாதிரி இருந்தது. மூஸா அப்படியே குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டான். சிரித்தவர்களும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

அப்போதுதான் பெட்டி கரகரவென்றது.

வருஷக்கணக்காக ஓய்வில்லாமல் ஓடிய கேசட். உள்ளே போன சாக்லேட்டின் பிசுக்கும் மிச்சம் இருந்ததோ என்னவோ. குரல் இழுத்தது, தடித்தது, ஏதோ கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகி, நின்றது. அஃப்ரீன் கதவைத் திறந்தாள். கேசட்டோடு சேர்ந்து பழுப்பு நாடா சுருள் சுருளாக வெளியே வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஓர் இடத்தில் பட்டென்று அறுந்தது.

குழந்தை கையில் இருந்த நாடாவைப் பார்த்தாள். "அம்மா," என்றாள். குரலே எழவில்லை. "அத்தாவுக்குக் கொடலு வெளில வந்துருச்சு."

ஹமீதா வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்துகள் பேச்சு நின்ற பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன. அஃப்ரீன் நாடாவை அள்ளி அள்ளி மறுபடியும் பெட்டிக்குள் திணித்தாள். அது போகவில்லை. அவள் அழுதாள். அந்த மாதிரி அழுகையை மூஸா கேட்டதே இல்லை. எங்கே கேட்பது, அவள் அழுத வயசெல்லாம் அவன் சார்ஜாவில் இருந்தான்.

அவன் ஒன்றும் திட்டம் போடவில்லை. எந்தப் புத்தகமும் அந்த நேரத்துக்கு நினைவில் இல்லை. வாய் தானாகத் திறந்தது, பெட்டி விட்ட இடத்திலிருந்து.

"அம்மா சொல்றதக் கேக்கறியா?"

ஒரு வாத்து தலையைத் தூக்கியது.

"அத்தா இங்க நல்லா இருக்கேன். இங்க ஏசி போட்டிருக்கான், அதான் இருமல்."

வாத்துகள் எல்லாம் கழுத்தைத் திருப்பின. அஃப்ரீன் அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். இந்த ஆளுக்கு இது எப்படித் தெரியும் என்கிற மாதிரி, கண் இமைக்காமல் பார்த்தாள். அவன் நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்று மூஸாவுக்குப் பட்டது. அவசர அவசரமாக அடுத்த வரிக்குப் போனான்.

"நீ அழுதா அத்தாவுக்கு இங்க..."

"இருமல," என்றாள் அஃப்ரீன்.

மூஸாவுக்குப் புரியவில்லை. நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டே அவள் நாலு அடி முன்னால் வந்தாள். "அங்க இருமணும்."

அவன் இருமினான். அவள் காது கொடுத்துக் கேட்டாள். இன்னொரு தடவை இருமினான். சரி என்று தலையை ஆட்டினாள். அவன் மறுபடியும், "நீ அழுதா..." என்று ஆரம்பித்தான். அவள் கையைக் காட்டித் தடுத்தாள். ஏதோ விட்டுப்போயிருக்கிறது. என்னவென்று அவனுக்கு நினைவில்லை. மூளையைக் கசக்கிப் பார்த்தான், வரவில்லை. இவன் திணறுவதைப் பார்த்து, பொறுமை போன குழந்தை, குரலைத் தடிப்பாக்கி, ஆம்பிளை மாதிரி கேட்டாள்:

"ஓய் மூஸா, உப்பு எங்கய்யா?"

நாலு வயசுப் பெண், பெற்ற தகப்பனை, ஊரார் எதிரில். பள்ளிவாசல் ஹஜ்ரத் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அப்துல் ரஹ்மானுக்கு வாயில் இருந்த வெற்றிலை வெளியே வந்தது. ஏங்கி ஏங்கிக் காத்திருந்து, மகள் முதன்முதலாகத் தன்னைக் கூப்பிட்ட பெயர் ஓய் மூஸா.

பிறகு அவனுக்கு அந்த அறை தெரிந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டடுக்குக் கட்டில், மடியில் டேப்ரிக்கார்டர். அடுப்படியில் மன்னார்குடி ரெத்தினம் குழம்பைக் கிண்டிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் கேட்கிறார். பேச்சின் நடுவே கேட்டுவிட்டார் என்று அன்றைக்கு இவனுக்கு எரிச்சல். வேறு கேசட் இல்லாததால் அப்படியே அனுப்பிவிட்டான்.

"மேல தட்டுல இருக்கு பாரு," என்றான் மூஸா.

அஃப்ரீன் முகத்தில் இருந்த சந்தேகம் எல்லாம் ஒரே வினாடியில் வடிந்தது. அது போன பிறகு அங்கே வந்தது சந்தோஷம் இல்லை. திகைப்பு. பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள், இவனைப் பார்த்தாள், மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் எப்படி மடங்கி இருந்தார் என்று அவள் யோசித்தது பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரிந்தது.

"நீ அழுதா அத்தாவுக்கு இங்க கேட்டுடும்," என்றான் மூஸா. "அழக் கூடாது, என்ன?"

"சரி," என்றாள் அவள். கேசட்டுக்கு நாள் தவறாமல் சொல்லுகிற சரி அது.

வாத்துகள் அதற்குள் மேற்கே வந்து அவன் காலைச் சுற்றி உட்கார்ந்துவிட்டன. மிச்சம் ஒரு வரிதான் இருந்தது. அதைச் சொல்ல மூஸாவுக்குப் பயமாக இருந்தது. சொல்லிவிட்டு அவள் வராவிட்டால்? ஹமீதா தூரத்தில் இருந்தே, சொல்லுங்களேன் என்று கண்ணால் மிரட்டினாள்.

"இப்ப அத்தாவுக்கு ஒரு முத்தம் குடு."

அஃப்ரீன் அவன் எதிரில் வந்து நின்றாள். உட்கார்ந்திருந்தவனின் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள். அவள் தேடுவது கிடைக்கவில்லை. மோவாயைத் தூக்கினாள். கீழே, தொண்டையில், எச்சிலை விழுங்கும்போது ஏறி இறங்குகிற இடத்தில் கையை வைத்துப் பார்த்து, சத்தம் வருகிற இடம் இதுதான் என்று உறுதி செய்துகொண்டு, அங்கே முத்தம் கொடுத்தாள்.

நிமிர்ந்து உதட்டைத் தேய்த்துக்கொண்டே கத்தினாள்.

"அம்மா, அத்தாவுக்கு முள்ளு இருக்கு, குத்துது."

அவனைப் பார்த்துச் சொல்லவில்லை, அவனைப் பற்றித்தான் சொன்னாள். அது போதுமா போதாதா என்று யோசிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. கேசட் முறைப்படி அடுத்தது வாத்துகளின் முறை. ஒவ்வொன்றாக அவன் மடியில் ஏறித் தொண்டையில் அலகை வைத்துவிட்டுப் போயின. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சவரம் செய்யும்போது பட்டுவிட்டது என்று அவன் சொல்லுவான், நம்ப வேண்டாம்.

மறுநாள் பாபநாசம் ஸ்டேஷன்வரை வாத்துகள் வேனுக்குப் பின்னால் வந்தன. அவன் வாயைத் திறந்தால் அவையும் ரயில் ஏறிவிடும், பேசக் கூடாது என்று மருதையன் சொல்லியிருந்ததால், மூஸா யாரிடமும் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொள்ளாமல் ரயில் ஏறினான். ஜன்னல் வழியாகக் கையை மட்டும் ஆட்டினான். அஃப்ரீனும் பேசவில்லை. தன் தொண்டையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பச்சைப் புத்தகத்தை அவன் எடுத்துப் போகவில்லை. வாத்துக் கூண்டின் கதவு காற்றில் திறந்துகொள்ளாமல் இருக்க அதை அண்டை கொடுத்திருந்தார்கள். அழிக்க முடியாது என்று அது சொன்னது சரிதான், ஒன்றும் அழியவும் இல்லை.

சார்ஜாவிலிருந்து அதற்குப் பிறகும் கேசட்டுகள் வந்தன. ரெத்தினம் வேலை மாறி மஸ்கட்டுக்குப் போய்விட்டார். மூஸா கம்பெனியில் புதிதாக வந்த மேனேஜரையே கெஞ்சி, நடுவில் ஒரு கேள்வி கேட்க வைத்தான். வெள்ளைக்காரக் குரலில் உப்புக் கேட்பது கேசட்டில் தெளிவாக விழுந்திருக்கிறது. உப்பு எப்போதும் மேல் தட்டில்தான் இருந்தது.